தாய்க்கு விடும் தூது

காலமும் இடமும் அறிந்து, எண்ணிப் பேசுபவனே சிறந்த தூதன் என்பது வள்ளுவர் தூது அதிகாரத்திற் கூறும் கருத்து. அரசர்க்கிடையே செல்லும் தூதனுக்கு வகுத்த அவ்விலக்கணம், ஈன்றணிமை நீங்காத இளந்தாய் ஒருத்தியின் கைத்தொலைபேசிக்கு வந்து சேரும் குறுஞ்செய்திக்கும் பொருந்துமா என்பது ஈண்டு ஆராயத்தக்கது. சிறு பொருளாகத் தோன்றும் இதில் ஒரு குழந்தையின் மூச்சு அடங்கியிருக்கிறது.

புகைக்கும் பழக்கத்தை விட முயல்வோர்க்கு நாள்தோறும் குறுஞ்செய்தி அனுப்பித் துணைநிற்கும் முறை, இந்நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பல நாடுகளில் ஆராயப்பட்டு வந்துள்ளது. நியூசிலாந்தில் 1,705 பேரைக் கொண்டு நடந்த ஆய்வொன்று 2005-ஆம் ஆண்டு வெளிவந்தது. பிரித்தானியாவில் ஏறத்தாழ 5,800 பேரைக் கொண்டு நடந்த பேராய்வு 2011-ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. பழக்கத்தை நிறுத்த உதவும் செய்திகளைப் பெற்றோருள் 10.7 விழுக்காட்டினர் ஆறு திங்கள் கழித்தும் புகையாதிருந்தமை சோதனையால் உறுதிசெய்யப்பட்டது. வேறு பொருள் பற்றிய செய்திகளைப் பெற்றோருள் அவ்வாறிருந்தோர் 4.9 விழுக்காட்டினரே. அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகம் கருவுற்ற மகளிர்க்கென்றே ஒரு செய்தித் தொடரை வகுத்தது.

இளந்தாய்மார்க்கு இத்துணை தனியே வேண்டப்படுவதற்குக் காரணம் உண்டு. கருவுற்ற காலத்தில் குழந்தையை எண்ணிப் புகையை விட்ட பெண்களுட் கணிசமானோர், மகப்பேற்றுக்குப் பின் மீண்டும் அதற்குத் திரும்புகின்றனர். உறக்கமின்மை, தனிமை, மனச்சோர்வு, வீட்டிற் புகைக்கும் கணவன் ஆகியவை அவர்களை அப்பக்கம் இழுக்கின்றன. வேட்கை எழும்போது அது பெரும்பாலும் சில நிமிடங்களே கடுமையாக நிற்கும். அச்சில நிமிடங்களில் கைக்கெட்டும் தொலைவில் ஒரு நற்சொல் இருக்குமாயின் ஆபத்து கடந்துபோகும். குறுஞ்செய்தியின் ஆற்றல் முழுதும் இதில்தான் இருக்கிறது. அது நூலன்று, சொற்பொழிவன்று, வேளையறிந்து வரும் ஒரு வாய்ச்சொல்.

அத்தகைய செய்தியைப் பினாங்குத் தமிழ்க் குடும்பங்களுக்குக் கொணர்வதாயின் அதனை எழுதுவது எங்ஙனம்? ஆங்கிலத்தில் உள்ளதை எடுத்து மொழிபெயர்த்துவிட்டால் போதும் என்று கருதுவோர் உளர். அஃது எளிய வழிதான்; ஆயின் மூன்று இடங்களில் அது தவறும். செய்தி யாரை விளிக்கிறது என்பது ஒன்று. எச்சொல்லால் பேசுகிறது என்பது மற்றொன்று. எவ்வளவிற்குள் பேசுகிறது என்பது பிறிதொன்று.

முன்னிலை யார்?

"தாயே, புகைப்பதை நிறுத்துங்கள்; உங்கள் குழந்தையின் நலம் உங்கள் கையில்" என்று ஒரு செய்தி எழுதப்படுவதாகக் கொள்க. இலக்கணப் பிழை இதில் இல்லை, சந்தியும் செவ்விதே. ஆயினும் இதனைப் பெறும் பினாங்குத் தாய்மாருட் பெரும்பாலோர், இஃது எண் மாறி வந்த செய்தி என்றே எண்ணுவர். மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வின்படி, ஆடவருள் 40.5 விழுக்காட்டினர் புகைப்போர், பெண்டிருள் 1.2 விழுக்காட்டினரே. நூறு வீடுகளிற் புகை சூழ்ந்திருக்குமாயின், அப்புகை ஏறத்தாழ அவ்வளவு வீடுகளிலும் ஆண்மகன் விட்ட புகையே என்பது வெளிப்படை. தாய் புகைப்பவள் அல்லள், புகையை ஏற்பவள். அவள் மடியில் இருக்கும் குழந்தையும் அவ்வாறே.

நாட்டின் சட்டம் வீட்டின் வாயிலோடு நின்றுவிடுகிறது என்பதையும் ஈண்டு நோக்குதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து உணவகங்களிற் புகைத்தல் தடைசெய்யப்பட்டது. புகைப்பொருள்கள் பற்றிய தனிச் சட்டம் 2024-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. மின்சிகரெட்டும் அதனுள் அடங்கும். ஆகவே ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் தேநீர்க் கடையில் அமர்ந்து புகைக்க இயலாத ஒருவர், வீட்டுக் கூடத்தில் தொட்டிலுக்குப் பக்கத்தில் அமர்ந்து புகைப்பாராயின் அவரைத் தடுப்பார் இலர். பிறர் விடும் புகையைச் சுவாசிக்கும் கைக்குழந்தைக்கு நுரையீரல் அழற்சியும், காதுநோயும், இழுப்பும், உறக்கத்திலேயே நேரும் திடீர்ச் சாவும் மிகுதியாக வருகின்றன என்பது மருத்துவர் கண்ட உண்மை. சட்டம் புகாத அவ்விடத்திற்குச் சொல்லே செல்லவேண்டியிருக்கிறது.

அச்சொல்லை யாரிடம் விடுப்பது? "உங்கள் கணவரை வீட்டிற் புகைக்க வேண்டாமென்று சொல்லுங்கள்" என்று தாய்க்கு எழுதலாம் எனத் தோன்றும். பலரும் செய்வது இதுவே. ஆயின் இது சுமையை எடுத்துச் சுமக்க வலியற்ற தோளின்மீது ஏற்றுவதாகும். பத்தியமும் தூக்கமின்மையுமாய் இருப்பவள். மாமியார் வீட்டில் இருப்பின் வாய் திறக்கவும் தயங்குபவள். வீட்டுச் செலவுக்குக் கணவனை எதிர்நோக்கியிருப்பவள். அவளிடம் கட்டளையை ஒப்படைத்துவிட்டு, அனுப்பியவர் தம் கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறார். குழந்தைக்கு நோய் வந்தால், "உனக்குத்தான் செய்தி வந்ததே, சொல்லக்கூடாதா?" என்ற பழியும் அவளையே சேரும்.

இவ்விடத்தில் தமிழ் மரபு ஒரு வழி காட்டுகிறது. கணவன் மனைவியரிடையே பேசுதற்கரியதைப் பேசுதற்கென்றே வாயில்கள் பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் எண்ணுகின்றது. தோழி, தாய், பாணன், விருந்தினர், அறிவர் முதலியோர் அவ்வரிசையினர். மனைவி தானே சொல்லின் பூசலாகக்கூடியதை மற்றொருவர் சொல்லின் அறிவுரையாகும் என்னும் உலகியல் நுட்பம் அதனுள் இருக்கிறது. அப்பன்னிருவருள் எண்ணப்படாத புதல்வனும் மருதத்திணைப் பாடல்களில் வாயிலாகி நிற்கின்றான். ஊடிய தாய்க்கும் ஊர் சுற்றி வந்த தந்தைக்கும் இடையில் பிள்ளை நிற்க, பேச்சு தொடங்குகிறது.

குறுஞ்செய்தியும் ஒரு வாயிலே. எனவே பினாங்கில் அது தாயின் எண்ணுக்கு மட்டுமன்றி, அவள் விரும்பி இசைவாளாயின், தந்தையின் எண்ணுக்கும் செல்லுதல் வேண்டும்; அறிவர் நிலையில் நிற்கும் தாதியின் குரலிலோ, பிள்ளையின் குரலிலோ பேசுதல் வேண்டும். தாய்க்குச் செல்வது ஆறுதலாகவும், தந்தைக்குச் செல்வது வேண்டுகோளாகவும் அமைதல் முறை. இரண்டையும் ஒரே செய்தியில் அடைக்க முயல்வது பிழை.

புகை என்னும் சொல்

அடுத்து, சொல்லைக் காண்போம் என்று புகுவார்க்கு முதலில் எதிர்ப்படுவது 'புகை' என்னும் சொல்லே. மலாயில் 'ரோக்கோக்' என்பது சிகரெட்டின் பெயர். புகைத்தலைக் குறிக்கும் வினையும் அப்பெயரிலிருந்தே பிறந்தது. ஆகவே மலாய்ச் செய்தியில் எது தீது என்பதில் ஐயமில்லை. தமிழிலோ 'புகை' பொதுச்சொல். அடுப்பினின்று எழுவதும் புகை. கொசுவர்த்திச் சுருளில் எழுவதும் புகை. கோயிலில் எழுவதும் புகை. எல்லாவற்றினும் மேலாக, பிறந்த குழந்தையை நீராட்டித் தலையைத் துவட்டிய பின், தணலில் சாம்பிராணி தூவிக் காட்டுவதும் புகையே. பாட்டிமார்க்கு அது மங்கலம். குழந்தைக்குச் சளி பிடியாமல் காக்கும் காப்பு.

அவ்வீட்டிற்கு "உங்கள் குழந்தையைப் புகையிலிருந்து காத்திடுங்கள்" என்று ஒரு செய்தி செல்லுமாயின் நிகழ்வது யாது? சிகரெட்டுக்கு எதிராக விடுத்த அம்பு சாம்பிராணித் தட்டின்மீது பாயும். பாட்டி சினங்கொள்வார், தாய் இருவருக்கும் இடையில் நிற்பாள், சிகரெட் பிடிப்பவர் தமக்கும் இதற்கும் தொடர்பில்லை என்பதுபோல் திண்ணையில் அமர்ந்திருப்பார். சாம்பிராணிப் புகையும் பச்சைக் குழந்தையின் மூச்சுக்கு ஏற்றதன்று என்பது உண்மையே. ஆயின் அது வேறு செய்தி. வேறு நாளில், வேறு முறையில், பாட்டியின் மனம் கோணாதவாறு சொல்லவேண்டியது. இரண்டையும் ஒரு சொல்லால் தாக்கினால் இரண்டும் நிலைத்துவிடும்.

இன்னும் ஒன்று. 'புகையற்ற' என்னும் அடைமொழி பொருளைக் கூட்டுவதுபோலவே குறைக்கவும் செய்கிறது. மின்சிகரெட் பிடிக்கும் இளந்தந்தை, "இது புகையன்று, ஆவிதான்" என்று கூறித் தப்புவார். வெற்றிலையோடு புகையிலை மெல்லும் மூதாட்டி, "நான் எங்கே புகைக்கிறேன்?" என்பார். பால்கொடுக்கும் தாய் புகையிலை மென்றாலும் நிகோட்டின் என்னும் நச்சுப்பொருள் பாலிற் கலக்கும். அதற்குப் புகை வேண்டுவதில்லை. ஆதலின் எழுதுவோர் கவர்ச்சியான பொதுத்தொடரை விட்டு, சிகரெட், வேப், புகையிலை எனப் பொருளின் பெயரையே சொல்லுதல் நன்று. தூய தமிழை விரும்புவோர்க்கு இது சிறிது கசக்கலாம். எனினும் நோய்க்கு மருந்து எழுதும் இடத்தில், வீட்டார் வழங்கும் பெயரே சரியான பெயர்.

தவறும் சறுக்கலும்

பிரித்தானிய முறையில் இரண்டு விடைச்சொற்கள் இருந்தன. வேட்கை எழுந்தால் ஒரு சொல்லையும், உறுதி தளர்ந்து ஒன்று புகைத்துவிட்டால் மற்றொரு சொல்லையும் அனுப்பினால், உடனே துணைச்செய்தி வரும். அவ்விரண்டாம் சொல்லைத் தமிழாக்குவோர் 'தவறினேன்' என்று எழுதக்கூடும். அகராதி அதனை ஏற்கும். ஆயின் தமிழில் 'தவறு' என்னும் சொல் குற்றத்தின் நிழலைச் சுமந்து வருவது. அதிலும் ஒரு பெண் 'தவறினேன்' என்று எழுதுவது வேறு பொருளையும் தரும். அச்சொல்லைத் தட்டச்சுச் செய்ய எத்தாயின் விரல் துணியும்?

நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவில் உள்ள புகைக்கும் பெண்களை எண்ணிக்கை சிறிதென்று விட்டுவிடுதல் அறமாகாது. ஆண் புகைப்பது பழக்கம் என்றும், பெண் புகைப்பது ஒழுக்கக்கேடு என்றும் கருதும் ஊரில், அவள் மறைத்தே புகைப்பாள், மறைத்தே வருந்துவாள், தாதியிடமும் உரையாள். அவளுக்குச் செல்லும் செய்தியில் குற்றஞ்சாட்டும் சொல் ஒன்று இருப்பினும் அவள் அத்தொடரையே நிறுத்திவிடுவாள். மேலும், கைத்தொலைபேசி பல வீடுகளில் ஒருவர் கைப்பொருள் அன்று. கணவன் எடுப்பான், மூத்த பிள்ளை எடுத்து விளையாடும், நாத்தனார் படிப்பாள். திரையில் தோன்றும் ஒரு சொல் ஒரு பெண்ணின் மானத்தை வாங்கிவிடக்கூடும்.

இவ்விரு தடைகளையும் உளங்கொண்டு எழுதினால் இப்படி ஒன்று அமையலாம்: "ஒன்று பிடித்துவிட்டீர்களா? பரவாயில்லை. அடுத்தது மட்டும் வேண்டாம்." இதில் எப்பொருளின் பெயரும் இல்லை, பிறர் பார்த்தாலும் எளிதில் விளங்காது, பெறுபவளுக்கு மட்டும் விளங்கும். பொருளின் பெயரைச் சொல்லவேண்டும் என்று மேலே கூறியதற்கு இது முரண் அன்று. தந்தைக்குச் சொல்லுமிடத்துத் தெளிவு வேண்டும். மறைந்து வருந்தும் தாய்க்குச் சொல்லுமிடத்துக் காப்பு வேண்டும். இடன் அறிதல் என்பது இதுவே. 'பரவாயில்லை' என்னும் சொல் குற்றத்தை நீக்குகிறது. 'மட்டும்' என்னும் சொல் எல்லை கட்டுகிறது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்திருந்தால் இவ்விரண்டும் கிடைத்திரா. புகைத்த தாய் பாலூட்டுவதை நிறுத்திவிடவேண்டும் என்று அஞ்சுவதும் உண்டு. புகைத்தலை விட இயலாத நிலையிலும் தாய்ப்பால் தொடர்வதே நன்று என்பது மருத்துவர் அறிவுரை. அடுத்த நாட் செய்தி அதுவாக இருத்தல் தகும்.

எழுபது என்னும் எல்லை

மூன்றாவது, அளவு. உரோமன் எழுத்தில் அமையும் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துக்கு இடமுண்டு, மலாய்க்கும் அதுவே. தமிழ் எழுத்திலோ ஒரு செய்திக்கு இடம் 70 மட்டுமே. அந்த எழுபதையும் பொறி எண்ணும் முறை வேறு. 'அம்மா' என்பதில் தமிழாசிரியர் எண்ணும் எழுத்து மூன்று. பொறியோ அகரத்தை ஒன்றாகவும், மகரத்தை ஒன்றாகவும், அதன் மேலுள்ள புள்ளியைத் தனியொன்றாகவும், அடுத்த மகரத்தையும் அதன் காலையும் இரண்டாகவும் கொண்டு ஐந்து என எண்ணும். 'குழந்தை' என்பது கண்ணுக்கு நான்கு, பொறிக்கு ஏழு. உயிர்மெய்யை ஓரெழுத்தாகக் கொண்ட நம் முன்னோர் கணக்கு இங்கே செல்லாது.

எழுபதைக் கடந்தால் செய்தி இரண்டு துண்டாகச் செல்லும். அனுப்புவோர்க்குச் செலவு இரட்டிக்கும். வாட்ஸப் போன்ற செயலிகளில் இவ்வெல்லை இல்லை என்பது மெய்யே. எனினும் அழுகின்ற பிள்ளையை ஒரு கையில் ஏந்தி மறுகையால் படிப்பவளுக்கு எழுபதே போதிய அளவு. ஏழு சீரில் முடியும் குறட்பாக்கள் பெரும்பாலும் இவ்வெல்லைக்குள் அடங்கிவிடும் என்பதை எண்ணினால், இடம் சிறிதென்று முறையிடத் தமிழுக்குக் காரணமில்லை.

பிள்ளையின் குரலில் தந்தைக்கு விடும் செய்தி ஒன்றை இவ்வளவிற்குள் வைத்துப் பார்க்கலாம்:

அப்பா, சிகரெட் வாடை அடிக்கும் சட்டையை மாற்றிவிட்டு என்னைத் தூக்குங்கள்

முற்றுப்புள்ளியை விடுத்து எண்ணினால் பொறிக்கணக்கில் இது சரியாக எழுபது. புள்ளி வைத்தால் இரண்டு செய்தியாகிவிடும். அளவு ஒருபுறம் இருக்க, இதன் குணமும் குற்றமும் நோக்கத்தக்கன. 'புகைக்காதீர்' என்னும் எதிர்மறைக் கட்டளை இதில் இல்லை. செய்யக்கூடிய சிறு செயல் ஒன்றே இருக்கிறது. புகைத்தவர் வெளியில் நின்று புகைத்து வந்தாலும் அதன் நச்சுப்படிவு உடையில் ஒட்டிவந்து குழந்தையைத் தீண்டும் என்னும் அறிவியல் உண்மை, விளக்கமின்றியே உள்ளே அமைந்துள்ளது. 'தூக்குங்கள்' என்னும் முடிவு விலக்குவதன்று, அழைப்பது.

குற்றமும் உண்டு. சட்டையை மாற்றினால் போதும், சிகரெட்டை விடவேண்டுவதில்லை என்று தந்தை எண்ணிக்கொள்ள இது இடந்தருகிறது. ஆகவே இது தனித்து நிற்கத்தக்க செய்தியன்று. பழக்கத்தை விடத் துணைசெய்யும் அரசாங்கச் சுகாதார நிலையத்திற்கு வழிகாட்டும் செய்தி இதனைத் தொடர்ந்து வரவேண்டும். பிள்ளைக் குரலை நாள்தோறும் பயன்படுத்துவதும் ஆகாது. முதன்முறை நெஞ்சைத் தொடுவது பத்தாம் முறை சலிப்பைத் தரும். இருபதாம் முறை எரிச்சலைத் தரும்.

எழுத்தும் குரலும்

பினாங்கின் இளந்தாய்மாருள் தமிழ்ப்பள்ளியில் பயின்று தமிழை நன்கு படிப்போரும் உளர். மலாய்ப் பள்ளியிலேயே பயின்று, வீட்டில் தமிழ் பேசியும் தமிழெழுத்தைப் படிக்கத் தடுமாறுவோரும் உளர். இவர்க்கு எழுத்தைவிடக் குரலே ஏற்றது. இந்திய அரசு 2016-ஆம் ஆண்டு தொடங்கிய 'கில்காரி' என்னும் திட்டம் இங்கே நினைக்கத்தக்கது. மழலையின் சிரிப்பொலியைக் குறிக்கும் அப்பெயருடைய திட்டம், கருவுற்ற நான்காம் திங்களிலிருந்து குழந்தைக்கு ஓராண்டு நிறையும்வரை, வாரம் ஒன்றாக 72 குரற்செய்திகளைத் தாயின் தொலைபேசிக்கு அனுப்புவது. படிக்கத் தெரிந்தவரையும் தெரியாதவரையும் அது ஒருங்கே சென்றடையும். நியூசிலாந்து ஆய்விலும் மாவோரி மக்களுக்கு அவர்தம் மொழியையும் வாழ்வையும் தழுவிய செய்திகள் சேர்க்கப்பட்டன. அவர்களிடத்தும் மற்றவரிடத்துப் போன்றே பயன் விளைந்தது. சிறுபான்மையினரின் மொழிக்கு இடமளிப்பது சலுகையன்று. மருந்து உள்ளே இறங்குதற்கான வழி.

ஆயினும் குறுஞ்செய்தியால் எல்லாம் கைகூடும் என்று கருதுவது மிகை. பிரித்தானிய ஆய்வின் 10.7 என்னும் எண்ணைத் திருப்பிப் பார்த்தால், செய்தி பெற்ற பத்துப் பேரில் ஏறத்தாழ ஒன்பதின்மர் வெற்றி பெறவில்லை என்பதும் அதுவே கூறும். சொல் கதவைத் தட்டும். உள்ளே நுழைந்து துணைநிற்பவர் மருத்துவரும் தாதியரும் குடும்பத்தாருமே. எனினும் பெறாதோரைவிடப் பெற்றோருள் இரு மடங்கினர் மீண்டனர் என்பதைச் சிறிதென்று தள்ளுதல் இயலாது. இத்துணை மலிவான கருவியால் இவ்வளவு பயன் விளையுமாயின், அதிற் பொறிக்கும் சொல்லைச் செவ்வையாகத் தேர்வது செய்யத்தக்க பணியேயாகும்.

அப்பணி மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. நோயை அறிந்தவர் அவர். சொல்லை அறிந்தவர் தமிழாசிரியர். பினாங்குத் தமிழாசிரியர்கள் கட்டுரைப் பாட வேளையொன்றில் மாணவரிடம் இப்பணியைத் தந்து பார்க்கலாம். தந்தைக்கு ஒரு செய்தி, பொறிக்கணக்கில் எழுபதுக்குள், பழிச்சொல் இன்றி, பாட்டியின் சாம்பிராணித் தட்டைத் தொடாமல். எழுதிய செய்தியை அம்மாணவர் வீட்டிற் சென்று உரக்கப் படிக்கட்டும். கேட்ட தந்தையார் எழுந்து சட்டையை மாற்றிவந்தால், அச்செய்திக்கு வேறு மதிப்பெண் வேண்டுவதில்லை.